பச்சைப் பெயின்ட் அடித்த பெட்டகம்

கொழும்பில் அந்த ஏல மண்டபத்துக்குள் நான் நுழைந்தது மழைக்கு ஒதுங்கத்தான். வெளிநாட்டு வேலைக்குப் போக அலைந்துகொண்டிருந்த கூட்டாளி ஒருவனுக்குத் துணையாக ஏஜென்சிக்குப் போயிருந்தேன். அவனை உள்ளே இருத்திவிட்டு வெளியே வந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கண்ணில் பட்ட கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். உள்ளே கதிரைகளில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் மேசைமீது, விரித்த வெள்ளைத் துணியில், ஒரு படிக்கம் இருந்தது.

எங்கள் வாப்பா வெற்றிலை துப்பிய படிக்கத்துக்கு அது கூடப்பிறந்தது என்றே சொல்லலாம். அதே வயிறு, அதே கழுத்து. ஒருவர் விரலைத் தூக்கினார். இன்னொருவர் தலையை ஆட்டினார். ஆட்ட ஆட்ட விலை ஏறியது. கடைசியில் சுத்தியலால் மேசையில் தட்டி அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு நான் ஒரு கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். கன்றோடு ஒரு பசுமாடு வாங்குகிற காசு. துப்புகிற சட்டிக்கு!

“இத வாங்கி என்ன செய்வாங்க?” என்று பக்கத்துக் கதிரைக்காரரிடம் கேட்டேன்.

“பூ வெப்பாங்க” என்றார் அவர்.

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் கோபிக்கவில்லை, எந்த ஊர் என்று விசாரித்தார். கல்முனைப் பக்கம், சாய்ந்தமருது என்றேன். உடனே கதிரையை என் பக்கம் திருப்பிக்கொண்டார். பழைய சாமான் வாங்கி ஏலத்துக்குக் கொடுப்பதே அவருடைய தொழில். “உங்கட ஊர் வீடுகள்ல இப்படி எவ்வளவு ஈக்கும்! சண்டையால நாங்க அந்தப் பக்கம் வாறதுமில்ல” என்றார். மழை விடுவதற்குள் நான் அவருக்கு ஆளாகிவிட்டேன். அவர் எனக்கு முதலாளியாகிவிட்டார்.

அப்போது எனக்குக் காசு தேவையாயிருந்த தேவை சொல்லி மாளாது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வாப்பா மௌத்தாகி, உம்மாவும் நானும் தங்கச்சியும் மட்டும். எங்கள் கிழக்குக் கரையில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். ஆகவே குமர்ப் பிள்ளை ஒன்று வளர்ந்துவிட்டால் அவளுக்கென்று ஒரு வீடு எழும்ப வேண்டும். வாப்பா இல்லாத வீட்டில் அது காக்காவின், அதாவது அண்ணனின், தலையில்தான் விழும். நான் நெல் ஆலையில் மூட்டை நிறுத்துக்கொண்டு, வளவின் மறு பாதியில் தங்கச்சியின் வீட்டுக்குச் சுவரை எழுப்பி முடித்திருந்தேன். அத்தோடு கை காய்ந்துவிட்டது. கூரை இல்லாமல் இரண்டு மாரி மழை அந்தச் சுவர்களில் வழிந்துபோனது.

மாப்பிள்ளை பேசியாகிவிட்டது. கல்முனையில் புடவைக்கடையில் நிற்கிறவர், குணமான பிள்ளை என்று ஊரே சொன்னது. அவருடைய உம்மாதான் கண்டிப்புக்காரி. “ஓடு போட்ட வீடெண்டா காவின் எழுதிக் கலியாணத்த முடிப்பம். ஓலைக் கிடுகுக்குள்ள என்ட மகன அனுப்பமாட்டன்” என்று சொல்லியனுப்பிவிட்டார். இன்னும் ஓர் ஆண்டு இழுத்தால் அவர் வேறு இடம் பார்ப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். தங்கச்சி இதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. குனிந்த தலை நிமிராமல் பன்பாய் இழைத்துக்கொண்டிருப்பாள். அவள் அப்படி இருந்ததுதான் என்னை இன்னும் வாட்டியது.

ஆக, படிக்கத்தில் பூ வைக்கிறவர்களை நம்பி நான் சைக்கிளில் ஏறினேன்.

ஆலையில் வேலை இல்லாத நாட்களில் ஊர் ஊராகப் போவேன். தண்ணீர் கேட்கிற சாட்டில் கடப்படி வாசலில் நின்று கண்ணை உள்ளே ஓட்டுவேன். மூலையில் கறுத்துப்போய் ஏதாவது கிடக்கிறதா? கோழிக்குத் தண்ணீர் வைத்திருக்கும் கிண்ணம் பித்தளையா? ஆட்கள் என்னைப் பைத்தியக்காரன் என்றே முடிவுகட்டியிருந்தார்கள். புதிதாய் மினுங்குகிற எவர்சில்வரைக் கொடுத்துவிட்டு நசுங்கிய பித்தளையை வாங்கிப் போகிறவனை வேறென்ன சொல்வார்கள்? “உருக்கப் போறியா மனே?” என்று கேட்பார்கள். ஓம் என்பேன். ஏலம், பூ என்று விளக்கப் போனால் பைத்தியம் முற்றிவிட்டது என்பார்கள்.

சாமான் சேர்ந்ததும் கொழும்புக்குக் கொண்டுபோவேன். அந்த நாட்களில் அது சும்மா பயணமில்லை. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி மூட்டையை அவிழ்க்க வேண்டும். ஒரு முறை ஒரு சிப்பாய் படிக்கத்தைத் தூரத்தில் வைக்கச் சொல்லிவிட்டுத் துவக்கோடு பின்னால் நகர்ந்தான். எனக்கு உயிரே போய்விட்டது. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களம் அந்த நேரம் பார்த்துத் தொலைந்துபோனது. வெற்றிலை மெல்வது போலவும் துப்புவது போலவும் நடித்துக் காட்டினேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போகவிட்டார்கள். இப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் விற்றும், கிடைத்தது உம்மாவின் மருந்துக்கும் சீமெந்துக் கடைக் கடனுக்கும்தான் சரியாக இருந்தது. கூரை ஆகாயத்திலேயே நின்றது.

அப்படி இருக்கையில்தான் நாவிதன்வெளிப் பக்கம், வயலோரத்து வீடு ஒன்றில், அந்தப் பெட்டகத்தைக் கண்டேன்.

அது வீட்டு மண்டபத்தின் நடுவே இருந்தது. முதிரை மரம். தேன் நிறம். மூலைகளிலும் பூட்டைச் சுற்றியும் பித்தளைத் தகடு, தகட்டில் பூவேலை. ஓர் ஆள் படுத்து உறங்கலாம், அவ்வளவு பெரியது. ஒல்லாந்தர் காலத்துச் சாமான் என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஏலத்தில் இதன் தம்பி போன்ற ஒன்று போன விலையை நான் என் காதால் கேட்டிருந்தேன். தண்ணீர்க் கோப்பையை மடியில் ஊற்றிக்கொண்டேன்.

வீட்டுக்கார மாமி தனியாக இருந்தார். ஐம்பத்தைந்து அறுபது வயதிருக்கும். புருஷன் இல்லை. மகன்மார் மூவரும் கலியாணம் முடித்துப் பெண்டாட்டிமார் ஊர்களுக்குப் போய்விட்டார்கள். பெட்டகத்தைக் கொடுப்பீர்களா என்று பயந்து பயந்து கேட்டேன். அவர் யோசிக்கவேயில்லை.

“எனக்கு மூணும் ஆம்புளப் புள்ளயள் மகன். இது உம்மாட கையால மகளுக்குப் போற சாமான். எனக்குப் பொறகு ஆருக்குப் போகும்? மருமக்கள்மாருக்கு அவளுகட உம்மாமார்ட சாமான் இரிக்கி. கறையான் திங்க முந்திக் கொண்டு போங்க.”

விலையையும் என்னையே சொல்லச் சொன்னார். கையிலிருந்ததை அச்சாரமாகக் கொடுத்தேன். கூட்டாளியின் கமராவை இரவல் வாங்கிக்கொண்டு மறுபடியும் போய் நாலா பக்கமும் படம் பிடித்தேன். பிறகு கொழும்பு பஸ்ஸில் ஏறினேன்.

முதலாளி படத்தைப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “தம்பி, ஒரு ஆளையும் தொட விடாதீங்க. தூசி கூடத் தட்ட வாணாம். ஈக்கிற மாதிரியே எனக்கு வேணும்” என்றார். அடுத்த பெரிய ஏலத்துக்கு அதைத்தான் முதல் சாமானாக வைக்கப் போவதாகச் சொன்னார். லொறி கொண்டு தானே வருவதாகவும் சொன்னார். பிறகு ஒரு கடித உறையை என் கையில் வைத்தார். அதைத் திறந்து இரண்டு முறை எண்ணினேன். மரம், ஓடு, கூலி எல்லாவற்றையும் அதுவே மூடிவிடும். சாமானே கைக்கு வராமல் அவ்வளவையும் கொடுத்தார். என்னை நம்பினார் என்று சொல்வதைவிட அந்தப் படத்தை நம்பினார் என்பதுதான் சரி.

வந்த வேகத்தில் மரவேலை ஓடாவியைப் பிடித்தேன். கூரை ஏறியது. செக்கச்செவேலென்று ஓடு. உம்மா கீழே நின்று அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து நோவெடுத்துப் படுத்துவிட்டார். மாப்பிள்ளையின் உம்மாவும் வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார். பெருநாள் கழியக் காவின் என்று நாள் குறித்தார்கள்.

பெட்டகத்தை எடுக்கப் போனால் மாமி தரவில்லை. “இப்ப ஏலா மகன். நானே வண்டில்ல ஏத்தி அனுப்புறன். வீட்டால வெளிக்கிடுற சாமான அப்படியே அனுப்புறதா?” என்றார். உள்ளே கிடப்பதையெல்லாம் ஒழிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வண்டில் கூலியும் மிச்சம் என்று சந்தோஷமாகத் திரும்பினேன். என்னைப் போல முட்டாளை அல்லாஹ் இன்னும் படைக்கவில்லை.

வண்டில் வந்த அன்று நான் கடப்படியிலேயே நின்றேன். மாடுகள் தெரிந்தன. வண்டில்காரர் தெரிந்தார். அவருக்குப் பின்னால் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு மாமி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், மூடிய படங்குத் துணியின் ஓரத்தில், பச்சையாக ஏதோ தெரிந்தது. அலுமாரி ஏதும் ஏற்றி வருகிறார்களோ என்று நினைத்தேன். வண்டில் நின்றது. படங்கை விலக்கினார்கள்.

பள்ளிவாசல் கதவுக்கு அடிக்கிற பச்சை. கண்ணைப் பறிக்கிற பச்சை. மேல், கீழ், முன், பின், ஓர் இடம் விடாமல் இரண்டு பூச்சு. அதன்மேல் ரோசாப் பூக்கள், ரோசா நிறத்தில், கொடியோடும் இலையோடும். மூடியின் நடுவில் பிறையும் நட்சத்திரமும். பித்தளைத் தகடுகளுக்கு வெள்ளிப் பெயின்ட். அந்தப் பூவேலைப் பள்ளங்களெல்லாம் பெயின்ட் நிரம்பி வழுவழுவென்று கிடந்தன.

நான் பேயறைந்தவன் போல நின்றேன். கடப்படிக் கம்பைப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பேன்.

“வடிவா இரிக்கா மகன்?” என்றார் மாமி. “போர்டு எழுதுற ஆளக் கூட்டி வந்து செய்வித்த. நாலு நாள் காயவெச்ச.”

அவர் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. தன் உம்மாவின் பெட்டகம் யார் வீட்டுக்குப் போகிறது என்று அறிய அவர் எங்கள் ஊரில் ஆள்விட்டு விசாரித்திருக்கிறார். வாப்பா இல்லாத வீடு, ஒரு குமர் இருக்கிறாள், காக்கா அவளுக்காக நாயாய் அலைகிறான் என்று கேள்விப்பட்டிருக்கிறார். பெண் பிள்ளைக்குப் போகவேண்டிய சாமான் பெண் பிள்ளைக்கே போகிறது என்று அவர் மனம் நிறைந்துவிட்டது. கலியாண வீட்டுக்குப் பழசும் மங்கலுமாகவா அனுப்புவது? அதுதான் பெயின்ட்.

“இந்தாங்க” என்று காசு முடிந்த ஒரு கைலேஞ்சியை என் கையில் திணித்தார். நான் கொடுத்த அச்சாரம், முடிச்சுக்கூட அவிழ்க்காமல். “குமர் காரியத்துக்குக் காசி வாங்கினா அல்லாஹ் என்னக் கேப்பான்” என்றார்.

உம்மா ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன். இரண்டு அழுகையும் ஒன்றில்லை.

மாமி அன்று பின்னேரம் வரை இருந்தார். புது வீட்டுக்குள் இறக்கிய பெட்டகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தங்கச்சியும் அவரும் நெடுநேரம் கதைத்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வளவின் பின்புறம் வேலியை உதைத்துக்கொண்டு நின்றேன். ஒன்று மட்டும் பார்த்தேன். வெளிக்கிடும்போது மாமி தன் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துத் தங்கச்சியின் இடுப்பில் செருகினார். தங்கச்சி அவருடைய கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் நான் பெட்டகத்தின் பின்பக்கம் குந்திக்கொண்டு உடைந்த போத்தல் துண்டால் பெயின்டைச் சுரண்டிப் பார்த்தேன். பச்சையோடு மரத்தின் தேன் நிறமும் சேர்ந்து வந்தது. நிமிர்ந்தால் தங்கச்சி நிற்கிறாள். அவள் ஏசவுமில்லை, கேட்கவுமில்லை. பழைய வீட்டுக்குப் போய்த் தன் உடுப்புகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து பெட்டகத்துக்குள் அடுக்கினாள். பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பாய் இழைக்கப் போய்விட்டாள். மாமி தந்த பரிசு என்பது மட்டுமே அவளுக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன். கொழும்பு முதலாளியின் காசுக் கதை அவளுக்குத் தெரியாது என்றும் நினைத்தேன். அது பிழை.

அடுத்த கிழமை லொறி வந்தது. முதலாளி பாவம், அத்தனை சோதனைச் சாவடிகளும் தாண்டி, தூசி படிந்த முகத்தோடு சிரித்துக்கொண்டு இறங்கினார். நான் சொல்லிப் புரியவைக்க முந்தி அவர் எட்டி உள்ளே பார்த்துவிட்டார். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். “யா அல்லாஹ், யா அல்லாஹ்” என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. அவருக்கு நான் தேத்தண்ணீர் கொடுத்தேன். அதைக் கையில் பிடித்தபடி பெட்டகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அந்த ரோசாப் பூவைத் தொட்டார். கையை எடுத்தார்.

ஆனால் தொழில்காரர் தொழில்காரர்தான். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார். கொழும்பில் கெட்டிக்கார ஓடாவிமார் இருக்கிறார்கள், மருந்து பூசிச் சுரண்டி எடுப்பார்கள், பழைய விலை வராது, ஆனாலும் ஒரு விலை வரும் என்றார். “நான் தந்ததோட கணக்கு முடிஞ்சுது. நீங்க எனக்குக் கடனில்ல, நான் உங்களுக்குக் கடனில்ல. சாமான ஏத்துவம்” என்றார்.

எனக்குப் போன உயிர் வந்தது. கூரை தப்பியது! கலியாணம் தப்பியது! லொறியில் வந்த இரண்டு ஆட்களையும் உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

“அது என்ட பெட்டகம்.”

கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. யார் என்று ஒரு கணம் எனக்கே பிடிபடவில்லை. அந்நிய ஆண்களுக்கு முன்னால் தங்கச்சியின் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

“எனக்கெண்டு தந்த சாமான். அத விக்கிறதுக்குக் காக்கா ஆரு?”

“புள்ள, உனக்குத் தெரியாது. இவர்ட காசிலதான் கூரை போட்டிரிக்கி” என்றேன்.

“தெரியும். அவர்ட காசி கூரையிலதானே இரிக்கி? கழட்டிக் கொண்டு போகச் சொல்லுங்க.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்தேன். உம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். “பைத்தியமாடி உனக்கு? நாலு பலகைக்குக் கலியாணத்தையே இல்லாம ஆக்கிறியா?” என்று கத்தினார். உள்ளே சாவி மட்டும் குலுங்கியது.

முதலாளிக்கும் ரோசம் வந்துவிட்டது. ஒரு குமர்ப் பிள்ளை வெருட்டுகிறாள், கூரையில் ஆள் ஏறினால் அழுதுகொண்டு சாவியைத் தருவாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். “ஏறுங்கடா” என்றார். லொறியை வீட்டோடு ஒட்டினாற்போல் நிறுத்தி, அதன் மேலிருந்து அவர்கள் கூரைக்குத் தாவினார்கள். முதல் ஓடு இறங்கியது. உள்ளே சத்தமில்லை. ஒரு வரிசை இறங்கியது. சத்தமில்லை. வேலி நிறைய ஊர்ச் சனம் கூடிவிட்டது. நான் கூரையையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு செத்தவன் போல நின்றேன். “போதும், நிப்பாட்டு” என்று யாராவது சொல்லவேண்டும். யாரும் சொல்லவில்லை. பாதிக் கூரை வெளித்த பிறகு முதலாளிக்கே முகம் செத்துவிட்டது. ஆனால் ஊர் பார்த்துக்கொண்டிருந்ததால் அவராலும் நிறுத்த முடியவில்லை. பெட்டகத்துக்கு வந்த லொறி ஓடுகளை ஏற்றிக்கொண்டு போனது. ஓடு விழுந்து உடைந்த தூள் செம்மண் போல வளவெல்லாம் கிடந்தது.

ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அஸர் தொழுகைக்கு முந்திக் கல்முனை வரை கதை போய்விட்டது. மஃரிபுக்கு மாப்பிள்ளை வீட்டு ஆள் வந்து, அவருடைய உம்மா கலியாணத்தை முறித்து வாய்க்கு வந்தபடி ஏசியதையெல்லாம் ஒப்புவித்துவிட்டுப் போனார். அதை நான் எழுதப் போவதில்லை. உம்மா பாயை விட்டு எழும்பவில்லை. எனக்குத் தங்கச்சியின் முகத்தைப் பார்க்கக் கோபம் கோபமாக வந்தது. அவளோ பெட்டகத்துக்குப் பக்கத்தில் பாயை விரித்து உறங்கினாள்.

காலையில் சந்திப் பக்கம் சனம் சிரிக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தேன். ஒரு மாட்டு வண்டில் எங்கள் கடப்படிக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. தலைக்குமேல் அடுக்கிய தென்னோலைக் கிடுகு. அதன் முன்னால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மாட்டைப் பிடித்து நடந்து வந்தவர் மாப்பிள்ளை.

காவின் எழுத முந்தி மாப்பிள்ளை பெண்ணுடைய வளவை மிதித்த கதை எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதேயில்லை. அவருக்குப் பின்னால் சந்தியிலிருந்து இழுபட்டு வந்த கூட்டம் வேலியில் தொங்கியது. படுத்திருந்த உம்மா துள்ளி எழும்பி, தலைக்குத் துணி தேடி, கைக்கு அகப்பட்ட சாக்கைப் போட்டுக்கொண்டு குசினிக்குள் ஓடினார்.

“என்ட உம்மா கோவமா இரிக்கா. இரிக்கட்டும்” என்றார் மாப்பிள்ளை என்னிடம். முகமெல்லாம் வியர்வை. என்னை நேரே பார்க்க வெட்கப்பட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டு கேட்டார். “ஏணி இரிக்கா மச்சான்? மழைக்கு முந்தி மேஞ்சிருவம்.”

நான் வேலியில் தொங்கிய கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

“கிணத்தடியில இரிக்கி” என்று உள்ளேயிருந்து தங்கச்சி சொன்னாள்.